கடைசி நூறு மீட்டர்

2023 ஆகஸ்ட் 26. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் உலகத் தடகள சாம்பியன்ஷிப். ஆண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் அமெரிக்க அணியின் முதுகை ஒட்டியபடியே இந்திய அணி ஓடிக்கொண்டிருந்தது. முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல் மூவரும் கைமாற்றிக் கொண்டுவந்த பேட்டனைக் கடைசியாக வாங்கி ஓடியவர் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ். அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக இந்தியா எல்லைக்கோட்டைத் தொட்டது. நேரம் 2 நிமிடம் 59.05 நொடி. அப்போது அது ஆசியச் சாதனை!

நானூறு மீட்டர் ஓடிப் பழகியவர்களுக்கு அந்தக் கடைசி நூறு மீட்டரைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. முன்னூறு மீட்டர்வரை சொன்ன பேச்சைக் கேட்ட கால்கள், வளைவு முடிந்து நேர்கோட்டுக்கு வந்ததும் முரண்டு பிடிக்கும். தோள் மேலேறும், கழுத்து இறுகும், முழங்கால் உயர மறுக்கும். “கால் கட்டிக்கிச்சு” என்பார்கள் மைதானத்தில். “லாக்டிக் ஏறிடுச்சு” என்பதும் அங்கே அன்றாடம் காதில் விழுகிற பேச்சுதான்.

உலகச் சாதனையாளருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில், எட்டாவது தடத்தில் யாரையும் கண்ணில் காணாமல் ஓடி 43.03 நொடியில் உலகச் சாதனை படைத்தார் தென்னாப்பிரிக்காவின் வெய்ட் வான் நீகெர்க். அந்த ஓட்டத்தில் அவர் இரண்டாவது நூறு மீட்டரைப் பத்து நொடிக்குள் கடந்தார். கடைசி நூறுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு நொடி ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் உலகப் பட்டம் வென்றபோது ஓட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்து, மருத்துவமனைக்கே கொண்டுபோகப்பட்டார். கடைசி நேர்கோட்டில் ஒருவர் பாய்ந்து முந்துவதுபோலத் தொலைக்காட்சியில் தெரியும். பெரும்பாலும் அது கண்ணின் மயக்கம்தான். எல்லாருமே வேகம் இழக்கிறார்கள்; முந்துகிறவர் மற்றவர்களைவிடக் குறைவாக இழக்கிறார்.

ஏன் இழக்கிறார்கள்? “சக்தி தீர்ந்துபோச்சு” என்ற பதில் உடனே வாயில் வரும். அது உண்மையில்லை. எல்லைக்கோட்டில் விழுந்து கிடக்கும் ஓட்டக்காரரின் தொடைத் தசையில் சர்க்கரைச் சேமிப்பின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. கொழுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மிக ஒல்லியான ஓட்டக்காரரின் உடலிலும் பல மாரத்தான்களுக்குப் போதுமான அளவு உண்டு. சரக்கு இருக்கிறது, தசை கேட்கும் வேகத்தில் அதை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. கடுமையான உடற்பயிற்சியின் உடலியல் முழுவதையும் இந்த ஒரு சிக்கலை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

இரண்டு நொடிக்கான கையிருப்பு

தசைக்குச் சோறும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே எரிபொருள் ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் ட்ரைபாஸ்பேட். அடினோசின் என்ற மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட்கள் வரிசையாகக் கோத்திருக்கும். கடைசிப் பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் ஆற்றலை, தசை இழைக்குள் இருக்கும் மயோசின் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. மயோசினின் தலைகள் பக்கத்து இழையான ஆக்டினைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும். ஒரு தசையில் கோடானுகோடி தலைகள் இப்படி இழுப்பதன் மொத்த விளைவுதான் நாம் எடுத்துவைக்கும் ஓரடி.

பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும் என்பது பலரும் அறியாத செய்தி. புதிய ஏ.டி.பி. வந்து ஒட்டினால்தான் மயோசின் தலை ஆக்டினைக் கைவிடும். உயிர் பிரிந்து சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது இதனால்தான். ஏ.டி.பி. உற்பத்தி நின்றுவிட, பற்றிய தலைகள் பற்றியபடியே பூட்டிக்கொள்கின்றன. விறைப்பு வருவதற்கு முன்பே கால் கட்டைவிரல்களையும் தாடையையும் துணியால் கட்டிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. உயிருள்ள தசையிலும் இழுத்த பிறகு தளர்வதற்குச் செலவு உண்டு. சுருங்கச் சொல்லி ஏவிய கால்சியத்தைத் திரும்ப அதன் அறைக்குள் இறைத்துத் தள்ள வேண்டும், அதற்கும் ஏ.டி.பி.தான். கடைசி நூறு மீட்டரில் கால் கட்டிக்கொள்கிறதே, அதில் இழுக்கும் வலு குறைவது ஒரு பாதி என்றால், நேரத்தோடு தளர முடியாமல் போவது மறு பாதி.

இவ்வளவு முக்கியமான பொருளை உடல் நிறையச் சேர்த்து வைத்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? உடல் முழுவதிலும் எந்த நொடியிலும் இருக்கும் ஏ.டி.பி. சில நூறு கிராமைத் தாண்டாது. அதையே திரும்பத் திரும்ப உடைத்தும் ஒட்டியும் பயன்படுத்துவதால், ஒரு நாளில் உருவாகும் ஏ.டி.பி.யின் மொத்த அளவு கிட்டத்தட்ட அந்த ஆளின் எடைக்கே சமமாகிவிடுகிறது. முழு வேகத்தில் ஓடும் தசையில் இருக்கிற கையிருப்பு ஏறத்தாழ இரண்டு நொடிக்குத்தான் காணும். ஓய்வில் செலவானதைப்போல நூறு மடங்குவரை செலவு திடீரென்று எகிறும். ஆனாலும் தசை தன் ஏ.டி.பி.யை முழுசாகக் காலி செய்வதே இல்லை. எவ்வளவு வெறியோடு ஓடினாலும் பாதிக்கு மேல் மிச்சம் வைக்கிறது. காலி செய்தால் பிணத்தின் விறைப்புதான். அந்த விளிம்புக்குப் போகும் முன்பே உடல் வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

அப்படியானால் மூன்றாவது நொடிக்கு எங்கிருந்து வருகிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். பரிமாறுகிறவரின் கரண்டியில் இருப்பது இலையில் விழுந்ததும் தீர்ந்துவிடும், அது ஏ.டி.பி. அவர் கையில் இருக்கும் வாளியிலிருந்து உடனே அடுத்த கரண்டி எடுக்கலாம்; அது கிரியேட்டின் பாஸ்பேட். வாளி காலியானால் பந்திக்குப் பின்னால் இருக்கும் அண்டாவுக்கு ஓட வேண்டும்; தசைக்குள்ளேயே சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை அது. எல்லாவற்றுக்கும் பின்னால், கோட்டை அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. அது மூச்சுக்காற்றின் ஆக்சிஜனோடு, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் எரிப்பு. அடுப்பங்கரையில் ஊருக்கே போடும் அளவு சோறு உண்டு. பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கை நீட்டினால் மட்டும் வந்து சேராது.

நீலம் மெதுவாக ஏறிய சோதனைக்குழாய்

கரண்டியையும் வாளியையும், இரண்டையுமே அடையாளம் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில், சென்னைக்கு வந்து படித்துத்தான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை அரங்குக்குக் கதர் அங்கியோடு போனதில் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துக்கொண்டிருந்தவர், 1922இல் மாமனாரின் பண உதவியோடு பாஸ்டன் நகருக்குக் கப்பல் ஏறினார். அங்கே மருத்துவமனை ஒன்றில் இரவு வேலையாளாக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்து வயிற்றைக் கழுவியபடியே ஹார்வர்டில் படித்தார். பின்பு அங்கேயே சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

இருவரும் முதலில் செய்தது ஒரு அளவுமுறை. ரத்தத்திலோ சிறுநீரிலோ திசுவிலோ எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்பதை, மாலிப்டேட் கரைசலோடு சேர்த்து எழும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறை அது. 1925இல் வெளியான அந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையைப் பல தலைமுறை உயிர்வேதியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் செய்து பழகியிருக்கிறார்கள்.

அதே முறையைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது ஒரு கோளாறு தென்பட்டது. சாதாரணப் பாஸ்பேட் என்றால் நீலம் சட்டென்று எழுந்து நின்றுவிட வேண்டும். தசைச் சாற்றிலோ நீலம் கொஞ்சம் எழுந்தது, பிறகும் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. வேறொருவராக இருந்தால் சோதனையில் ஏதோ பிசகு என்று குழாயைக் கழுவி வைத்திருக்கலாம். இவர்கள் அந்தத் தாமதத்தைத் துரத்தினார்கள். தசையில் பாஸ்பேட் தனியாக இல்லை, எளிதில் உடையும் இன்னொரு பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமிலத்தில் அது மெல்ல உடைய உடைய நிறம் ஏறுகிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள்தான் கிரியேட்டின் பாஸ்பேட். ஆண்டு 1927. பூனையின் தசையைத் தூண்டி வேலை வாங்கினால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மறுபடி நிறைகிறது என்பதையும் காட்டினார்கள். லண்டனில் எகிள்டன் தம்பதியும் ஏறக்குறைய அதே சமயத்தில் இதே பொருளைத் தொட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1929இல், ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டுபிடித்து அறிவித்தார். கிரியேட்டின் பாஸ்பேட் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யை மீட்டுத் தருகிறது என்ற வேதிவினையை 1934இல் எழுதிக் காட்டியவரும் இந்த லோமன்தான்.

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் டி.இ.சி. மருந்து, புற்றுநோய்க்கான மெதோட்ரெக்ஸேட் என்று அங்கே அவர் வழிநடத்திய குழு உலகத்துக்குக் கொடுத்தவை ஏராளம். 1948இல் 53 வயதில் இறந்தார். சென்னையில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஓட்டப்பந்தயத் தடங்களில் கிரியேட்டின் பாஸ்பேட்டை எரிக்கிறார்கள். அதைக் கண்டவர் இதே ஊரில் படித்தவர் என்பது அவர்களுக்குப் பாடத்தில் சொல்லப்பட வேண்டும். இவ்வளவு பெரிய மறதிக்கு நியாயமே இல்லை.

வாளியின் அளவு சிறியது. தசையில் ஏ.டி.பி. இருப்பதைப்போல மூன்று, நான்கு மடங்குதான் கிரியேட்டின் பாஸ்பேட் இருக்கிறது. கிரியேட்டின் கைனேஸ் என்ற என்சைம் அதை இமைப்பொழுதில் ஏ.டி.பி.யாக மாற்றிவிடும். உடலில் இதைவிட வேகமான வழி கிடையாது. பளுதூக்குபவரின் ஒரே தூக்கு, உயரம் தாண்டுபவரின் எழும்பல், வேகப்பந்து வீச்சாளரின் கடைசிப் பாய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. ஆனால் முழு வேகத்தில் பத்து நொடிக்குள் பெரும்பகுதி காலி. 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது, 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர்வரையான தூரத்துக்கு 1.61 நொடி எடுத்துக்கொண்டார். கடைசி 20 மீட்டருக்கு 1.66 நொடி. மனித வரலாற்றின் மிக வேகமான ஓட்டத்திலும் கடைசி இருபது மீட்டரில் வேகம் இறங்கத்தான் செய்தது.

லாக்டிக் மேல் விழுந்த பழி

அண்டாவைத் திறப்பதற்குத் தசை பத்து நொடி காத்திருப்பதில்லை. துப்பாக்கி வெடித்த முதல் சில நொடிகளிலேயே கிளைக்கோஜன் உடையத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலேயே பாதியில் பிளந்து ஏ.டி.பி. எடுக்கும் வழி இது. முழுசாக எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும். பாதியில் பிளந்தால் இரண்டோ மூன்றோதான். இவ்வளவு நட்டத்துக்கு ஏன் உடன்பட வேண்டும்? வேகத்துக்காக. எரிப்பைவிடப் பல மடங்கு விரைவாக இந்த வழி நடக்கும். இந்தப் பாதி வழியின் முடிவில் சேர்வதுதான் லாக்டேட்.

லாக்டிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனின் கார்ல் ஷீலே; 1780இல், புளித்த பாலிலிருந்து. நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைப்பதும் இதே பொருள்தான். வேட்டையில் துரத்திக் கொல்லப்பட்ட மானின் தசையில் அது இருப்பதை 1800களின் தொடக்கத்தில் பெர்சீலியஸ் கண்டார். 1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும், தவளைத் தசையை ஆக்சிஜன் இல்லாமல் வேலை வாங்கினால் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ஆக்சிஜன் கொடுத்தால் மறைகிறது என்று நிரூபித்தார்கள். ஆங்கிலேயரான ஏ.வி. ஹில், ஜெர்மானியரான ஓட்டோ மயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான். ஹில் வெறும் தவளையோடு நிற்கவில்லை. மூச்சுக்காற்றைப் பிடிக்கும் பையை முதுகில் கட்டிக்கொண்டு, புல்வெளியில் தானே சுற்றிச் சுற்றி ஓடி அளந்தார்.

அக்காலத்து நம்பிக்கை, தசையைச் சுருங்க வைப்பதே லாக்டிக் அமிலம்தான் என்பது. 1930இல் கோபன்ஹேகனில் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் அதை உடைத்தார். அயோடோஅசெட்டிக் அமிலம் என்ற நஞ்சைக் கொடுத்துச் சர்க்கரை வழியை அடைத்த தவளைத் தசை, ஒரு துளி லாக்டிக் அமிலமும் உண்டாக்காமல் கொஞ்ச நேரம் சுருங்கி வேலை செய்தது. செலவானது கிரியேட்டின் பாஸ்பேட். தன் நோபல் பரிசுக் கோட்பாட்டையே ஆட்டம் காண வைத்த இந்த முடிவை ஹில் மறைக்கவில்லை. தசை உடலியலில் புரட்சி நடந்துவிட்டது என்று 1932இல் அவரே கட்டுரை எழுதினார். அறிவியலில் இப்படிப்பட்ட நேர்மை அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

சுருங்க வைக்கிறது என்ற பெருமை போனபின், களைக்க வைக்கிறது என்ற பழி மட்டும் லாக்டிக் அமிலத்தின் மேல் தங்கிவிட்டது. கடுமையாக ஓடும்போது தசையில் ஹைட்ரஜன் அயனிகள் பெருகி அமிலத்தன்மை கூடுவது உண்மை. எரிச்சலான அந்த உணர்வில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் லாக்டேட் உருவாவதால்தான் சர்க்கரை வழி அடைபடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த வழிக்குத் தேவையான என்.ஏ.டி. என்ற துணைப்பொருளை அதுதான் மீட்டுக் கொடுக்கிறது.

லாக்டேட் உண்டாக்கவே முடியாத மனிதர்கள் இருந்தால் களைப்பே தெரியாமல் ஓடுவார்களா? அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 1951இல் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பிரையன் மக்ஆர்டில் என்ற மருத்துவர் ஒரு முப்பது வயது நோயாளியைப் பற்றி எழுதினார். சிறுவயது முதலே கொஞ்சம் வேலை செய்தாலும் தசை வலித்து இறுகிவிடும். கையைப் பயிற்சி செய்யவிட்டு ரத்தத்தைச் சோதித்தால், எல்லாருக்கும் ஏறும் லாக்டேட் அவருக்கு ஏறவில்லை. தசையின் கிளைக்கோஜனை உடைக்கும் என்சைம் இல்லாத பிறவிக் குறை அது என்று பின்னால் தெரிந்தது. அண்டா நிறைய இருக்கிறது, மூடியைத் திறக்க முடியவில்லை. அவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே களைக்கிறார்கள். நடையை மெதுவாக்கிப் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால், ரத்தம் வெளியிலிருந்து குளுக்கோஸையும் கொழுப்பையும் கொண்டுவந்து சேர்க்க, நடப்பது திடீரென்று எளிதாகிவிடும். லாக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த பழிக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து வாதாடி நிறுவியது இன்னும் ஒரு படி மேலே. லாக்டேட் கழிவே அல்ல, எரிபொருள். வேகமாக இயங்கும் இழைகளில் உண்டாகி, பக்கத்தில் மெதுவாக இயங்கும் இழைகளுக்கும் இதயத்துக்கும் போய் எரிகிறது. ஒரு பங்கு கல்லீரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸாகத் திரும்பி வருகிறது. இந்தச் சுழற்சியைக் கண்ட கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கியவருக்கு இரண்டாம் நாள் தொடை பிடித்துக்கொள்வதும் லாக்டிக் அமிலத்தால் இல்லை. அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் விலகிவிடும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் அந்த வலிக்குக் காரணம்.

அப்படியானால் கடைசி நூறு மீட்டரில் காலைக் கட்டுவது யார்? ஒரே குற்றவாளி கிடையாது. கிரியேட்டின் பாஸ்பேட் உடைய உடையத் தசைக்குள் பாஸ்பேட் குவிகிறது. அது மயோசினின் பிடியைத் தளர்த்துகிறது, கால்சியம் வெளிவருவதையும் குறைக்கிறது. தசை இழையிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிந்து, நரம்பின் ஆணை உள்ளே பரவுவதைத் தடுக்கிறது. அமிலத்தன்மையும் கூடச் சேர்கிறது. ஆனால் 1990களில் பாலூட்டிகளின் தசையை உடல் வெப்பநிலையில் வைத்துச் சோதித்தபோது, குளிரில் செய்த பழைய சோதனைகள் காட்டிய அளவுக்கு அதன் பாதிப்பு இல்லை என்று தெரியவந்தது. பழி இப்போது பாஸ்பேட் பக்கம் சாய்ந்திருக்கிறது.

அடுப்பு எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது?

நானூறு மீட்டர் ஓட்டம் மூச்சுக்காற்றின் உதவி இல்லாமலே நடக்கிறது என்று வெகுகாலம் கற்பித்தார்கள். ஆஸ்திரேலியாவில் மேட் ஸ்பென்சர், பால் காஸ்டின் இருவரும் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை அளந்து 2001இல் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொன்னது. ஆக்சிஜன் வழி கொடுத்த பங்கு 200 மீட்டரில் 29 சதவீதம், 400 மீட்டரில் 43, 800 மீட்டரில் 66, 1500 மீட்டரில் 84. அரை நிமிடத்துக்குள்ளேயே அடுப்பு நன்றாகப் பற்றிக்கொள்கிறது. நானூறு மீட்டர்க்காரருக்கு நீண்ட தூர ஓட்டமும் ஓரளவு பழக வேண்டும் என்று அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இந்த எண்களில் ஆதாரம் கிடைக்கிறது.

வாளியை மறுபடி நிரப்புவதும் அடுப்பின் வேலைதான். ஓட்டம் நின்றதும் கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி, ஏறத்தாழ அரை நிமிடத்தில் திரும்பிவிடும். முழுசாகத் திரும்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். வேலை முடிந்த காலில் ரத்த ஓட்டத்தைப் பட்டை கட்டி நிறுத்தினால் அது திரும்புவதே இல்லை என்று 1970களில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக்சிஜன் வந்தால்தான் நிரம்பும். குறுந்தூர வீரர்கள் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே சும்மா உலாத்துவதைப் பார்த்து, “பயிற்சிக்கு வந்துட்டு வெட்டியா நிக்கறாங்க” என்று கேலரியில் பேசுவார்கள். அந்த உலாத்தலில்தான் அடுத்த ஓட்டத்தின் வேகம் தயாராகிறது. இடைவேளையைக் குறைத்தால் வேறொரு பயிற்சியாகிவிடும்: வாளி பாதி நிறைந்திருக்கும்போதே ஓடி, சர்க்கரை வழியையும் அடுப்பையும் வலுப்படுத்தும் பயிற்சி. இரண்டும் தேவை. எது எந்த நாளுக்கு என்பதை அறிந்து பிரித்துக் கொடுக்கிறவரே நல்ல கோச்.

கபடியில் இந்தக் கணக்கு கண்ணெதிரே நடக்கும். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. பாடிக்கொண்டே போகிறவரால் இழுத்து மூச்சு வாங்க முடியாது. போனஸ் கோட்டைத் தொட்டு, கையை உதறி, நாலு பேர் பிடியிலிருந்து நடுக்கோட்டுக்குத் தாவும் அந்தச் சில நொடிகள் முழுக்க வாளியும் அண்டாவும்தான். அவர் தன் பக்கம் திரும்பி, எதிரணி ரெய்டரைச் சமாளித்து, அடுத்த முறை பாடப் போவதற்குள் வாளி எவ்வளவு நிறைந்தது என்பது அவருடைய நுரையீரலையும் இதயத்தையும் பொறுத்தது. இரண்டாம் பாதியில் ஓய்ந்துபோகும் ரெய்டருக்குப் பெரும்பாலும் கையில் வலு குறைவில்லை. நீண்ட மூச்சுப் பயிற்சி குறைவு.

ஜப்பானின் கனோயாவில் இசுமி தபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்க உடற்பயிற்சிக் கூடங்களில் பெயர் பெற்றுவிட்டது. இருபது நொடி சைக்கிள் மிதி, பத்து நொடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று; ஆறு வாரத்தில் ஆக்சிஜன் ஏற்கும் திறனும் கூடியது, ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் எடுக்கும் திறனும் 28 சதவீதம் கூடியது. அந்த மாணவர்கள் மிதித்தது, தங்கள் உச்ச ஆக்சிஜன் அளவுக்குத் தேவையான வேகத்தைவிடவும் 70 சதவீதம் கூடுதலான கடுமையில். செயலியைப் பார்த்து வீட்டில் நாலு நிமிடம் கை காலை ஆட்டிவிட்டு, அதே பலன் கிடைக்கும் என்று நம்புவது தவறு. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தக் கடுமையைத் தொடவே கூடாது.

கிரியேட்டின் பவுடர் இன்று சின்ன ஊர் ஜிம்களிலும் புழங்குகிறது. இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியேட்டினை 1832இலேயே பிரான்சின் ஷெவ்ரல் பிரித்திருந்தாலும், அதை உண்டால் தசையில் அதன் அளவு கூடும் என்று ராஜர் ஹாரிஸின் குழு தெளிவாகக் காட்டியது 1992இல்தான். அது ஊக்கமருந்துப் பட்டியலில் இல்லை. இறைச்சி, மீன் உண்ணாதவர்களின் தசையில் இயல்பாகவே கொஞ்சம் குறைவாக இருப்பதால் அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியலாம். திரும்பத் திரும்பக் குறுகிய நேரம் பாயும் விளையாட்டுகளில் உதவும். உடலில் நீர் சேர்ந்து எடை ஒன்றிரண்டு கிலோ ஏறுவதும் உண்டு. மாரத்தான் ஓடுகிறவருக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை. வாளியைச் சற்றே பெரிதாக்கும் பொருள், அவ்வளவுதான்.

அண்டாவை நிரப்புவது சோறுதான். ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1966இல் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும், களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். பிறகு தொடையில் ஊசி இறக்கித் தசையைத் துளித் துளியாக எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் ஏறக்குறையக் காலி. சும்மா இருந்த காலில் அப்படியே. அடுத்த மூன்று நாளும் மாவுச்சத்து நிறைந்த உணவு. இரண்டு கால்களுக்கும் ஒரே ரத்தம்தான், ஒரே சாப்பாடுதான். வேலை செய்த காலில் மட்டும் கிளைக்கோஜன் திரும்பி வந்ததோடு நிற்காமல், சும்மா இருந்த காலைப்போல இரண்டு மடங்காக உயர்ந்தது. எந்தத் தசை காலியானதோ அதுவே கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது என்பது அன்றுதான் தெரியவந்தது. நீண்ட தூர ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முந்தைய இரண்டு, மூன்று நாள் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு சோறும் ரொட்டியும் கூடுதலாக உண்பது அந்தச் சைக்கிளிலிருந்து தொடங்கிய பழக்கம்.